மேற்கு வரிசையில் மூன்று அறை

சிதம்பரநாதன் சார் தன் செல்போனைக் கார் பானட்டின் மேல் வைத்துத் திசை பார்த்தபோதே செண்பகத்துக்குத் தெரிந்துவிட்டது, அது பொய் சொல்லப்போகிறது என்று. பள்ளிக்கூடத்தில் அவள் எடுப்பது பௌதிகம். காந்த ஊசிக்குப் பக்கத்தில் இரும்பைக் கொண்டுவந்தால் ஊசி வடக்கை மறந்துவிட்டு இரும்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும் என்பதை வருஷத்துக்கு நாலு வகுப்பில் நின்று சொல்கிறவள். அண்ணன் வேலாயுதத்தின் கார் தலை முதல் கால் வரை இரும்பு. அதன் தலையில் திசைகாட்டியை வைத்தால் அது வடக்கைக் காட்டுமா, என்ஜினைக் காட்டுமா? சாருக்கு இது தெரியாமலும் இருக்காது. முப்பது வருஷம் சர்வே ஆபீசில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர், ஓய்வு பெற்ற பிறகுதான் மனையடி சாஸ்திரம் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். ஆனால் முந்தாநாள் பெய்த மழையில் மனை முழுக்கக் கரிசல் குழைந்து கிடந்தது. கால் வைத்தால் செருப்போடு ஒரு படி மண் ஏறிக்கொள்ளும், அடுத்த எட்டில் இன்னொரு படி. சாருடைய வேட்டி சலவைக்குப் போய் வந்த வெள்ளை. அதனால் அவர் ரோட்டிலேயே நின்றுகொண்டார், போனுக்குச் சமதளம் வேண்டுமென்று பானட்டைத் தேர்ந்தெடுத்தார், ஒரு வேட்டியின் வெளுப்புக்காக ஒரு வீட்டின் கிழக்கு மேற்கையே திருப்பப்போகிறார். இதை எடுத்துச் சொல்ல வேண்டியது யார்? அவள்தான். சொன்னால் கேட்பார்களா? அது வேறு கேள்வி. பெண் பிள்ளை சரியாகச் சொன்னால் திமிர், தப்பாகச் சொன்னால் அறிவில்லை, சந்தேகம் கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னால் மட்டும் கொஞ்சம் காதில் ஏறும். 'சார், ஒரு சின்னச் சந்தேகம்.' அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சின்ன என்பது வேண்டுமா? வேண்டும். சின்ன இல்லாவிட்டால் அது சந்தேகமாக இராது, கேள்வியாகிவிடும். மணி எட்டே முக்கால். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வீடு எந்தப் பக்கம் பார்த்து உட்காரும் என்று முடிவாகிச் சுண்ணாம்புக் கோடு விழுந்துவிட வேண்டும்.

"மனை கோணலா இருக்கு வேலாயுதம்," என்றார் சார், போனிலிருந்து தலையைத் தூக்காமல். "முப்பது டிகிரி திரும்பிக் கெடக்கு. ரோட்டுக்கு நேரா வீட்டப் போட்டீருன்னா வாசல் கிழக்கயும் பார்க்காது, தெக்கயும் பார்க்காது. அந்தரத்துல நிக்கும்." அண்ணனின் முகத்தில் ரத்தம் இறங்கியதை அவள் பார்த்தாள். பிறகு சார் தீர்வும் சொன்னார், அவர் சொல்லாமல் விடுகிற ஆளா. மனைக்குள்ளேயே வீட்டை மட்டும் திருப்பிப் போடலாம், ஊரில் இப்போது பலர் அப்படித்தான் போடுகிறார்கள், காம்பவுண்டு சுவர் ஒரு பக்கம் பார்க்கும், வீடு ஒரு பக்கம் பார்க்கும், குடியிருக்கிறவன் நன்றாக இருப்பான். கொத்தனார் பூல்பாண்டி ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் நீளவாக்கில் ஒரு கட்டம் போட்டார், அதற்குள் முட்டக் கொடுத்து இன்னொரு கட்டத்தைத் திருப்பிப் போட்டார். நாலு மூலையிலும் நாலு முக்கோணம் வீணாக வெளியே நின்றது. உள்கட்டத்தில் குச்சியால் ரெண்டு கோடு இழுத்துவிட்டு, மேற்கு வரிசையில் மூன்று ரூம் வராது அண்ணாச்சி, ரெண்டுதான் வரும் என்றார். மூன்றாவதை நெருக்கிக் கொண்டுவந்தால் ஒன்பது அடிதான் தேறும். ஒன்பது ஆகாது, ஒன்பது பீடை என்று சார் உடனே கையை உதறினார். அண்ணன், சரி, ரெண்டு போதும் என்றான். அவ்வளவுதான். ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கும் மனைவிக்கும் ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. மைனி கோமதி குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஆமா, செண்பகம் எப்படியும் அத்த பக்கத்துலதான படுக்கா என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் தாங்க முடியாதது. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டைக்குப் போகலாம். சும்மா உள்ளதைச் சொல்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது?

எப்படியும் அத்த பக்கத்துலதான படுக்கா. ஆமாம், படுக்கிறாள், ஆறு வருஷமாக. கட்டிலில் அம்மா, கீழே பாயில் அவள், இரண்டுக்கும் நடுவில் மூத்திரப் பேசின். ராத்திரி அம்மாவின் இடது கை கட்டில் சட்டத்தை ரெண்டு தட்டு தட்டினால் மூத்திரம், மூன்று தட்டினால் புரட்டிப் போட வேண்டும். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இருந்தது, அம்மாவுக்கு ஏதாவது ஆகிக் கதவை உடைக்க வேண்டி வந்துவிடும் என்று அண்ணன் கழற்றிவிட்டான். சேலை மாற்ற அவள் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொள்கிறாள். முப்பத்து நாலு வயசு, எம்.எஸ்ஸி., நாலு வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் டீச்சர் என்கிறார்கள், வீட்டுக்கு வந்தால் முதுகுதான் தாழ்ப்பாள். அதற்கு முன்னால் சாத்தூரில் புருஷன் வீட்டில் பதினோரு மாதம். அங்கே தாழ்ப்பாளைக் கழற்றவில்லை, அறுத்திருந்தார்கள். அவன் அம்மாவுக்கு எந்நேரமும் உள்ளே வர வேண்டியிருந்தது, பீரோ அந்த ரூமில்தானே இருக்கிறது என்றார்கள். அறுத்த இடத்தில் கம்பி மொட்டையாக ஒரு விரல்கடை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு தடவை முழங்கையைக் கிழித்துக்கொண்டாள். அவன் அவளை அடித்தானா என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும், காட்ட ஒரு தழும்பாவது மிஞ்சியிருக்கும். தாழ்ப்பாள் இல்லை என்பதை யாரிடம் போய்ப் புகார் சொல்வது? பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்த எட்டு ஆம்பளைகளும் சிரித்துவிட மாட்டார்களா? அதனால் இந்த வீட்டுக்கு வரைபடம் போட ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஜன்னல்கூடக் கேட்கவில்லை. பத்துக்குப் பத்து ஒரு ரூம், அதில் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். மூன்று பத்து, நாலு சுவர், முப்பத்து மூன்று அடி. நாற்பதடி அகல மனையில் ரெண்டு பக்கமும் இடம் விட்டது போக முப்பத்து நாலு இருக்கிறது. கணக்கு பொருந்தி வந்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. இப்போது பூல்பாண்டியின் குச்சி அதை மண்ணோடு அழித்துவிட்டது. பூல்பாண்டியின் குச்சியா? இல்லை, பானட். ஒரு பானட். சொல்லிவிடலாம். சொல்லு. 'சார், ஒரு சின்னச் சந்தேகம்.' ஏன் வாய் வரவில்லை? சொல்லி, போனை நடு மனைக்குக் கொண்டுபோய், அங்கேயும் முப்பது டிகிரியே காட்டிவிட்டால்? அந்தப் பயம்தான். பௌதிகம் தெரிந்தவளுக்கு எப்படிப் பயம் வரும்? வரும். தெரிந்தவளுக்குத்தான் வரும், தெரியாதவளுக்குச் சாரின் வார்த்தை இருக்கிறது.

கார்க் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். பின்சீட்டில் அம்மா, ஆவுடையம்மாள். சாய்ந்துவிடாமல் இருக்க ரெண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்து, மடியில் துண்டு விரித்து உட்கார வைத்திருந்தது. வாடகை வீட்டில் தனியாக விட்டுவர முடியாது என்று கூட்டி வந்தார்கள். ஆனால் புருஷன் இல்லாதவள், மனையில் கால் வைக்கக்கூடாது, கோடு விழுகிறவரை காரிலேயே இருக்கட்டும் என்றார் சார். நடக்கவே முடியாதவளைக் கால் வைக்கக்கூடாது என்று தடுப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறதோ. செண்பகத்துக்கும் ஒரு விதி உண்டு: நூல் பிடிக்கலாம், ஆனால் பின்பக்கத்து மூலையில் நின்று பிடிக்க வேண்டும், முன்பக்கத்து முளையை மைனிதான் தொட வேண்டும். புருஷனிடம் வாழ்கிறவள் முன்னால், வாழாமல் வந்தவள் பின்னால், வாழ்ந்து முடித்தவள் கார் சீட்டில். யார் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இவர்களுக்குத் திசைகாட்டியே தேவையில்லை. அம்மாவின் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணுக்கு எல்லாம் புரியும், காது கூர்மை, வாய் மட்டும்தான் போனது. ஒரே ஒரு சொல் மிச்சம், சரி. தண்ணீர் வேண்டுமா, சரி. வலிக்கிறதா, சரி. நான் செத்துப்போகட்டுமா என்று ஒரு நாள் கோபத்தில் செண்பகம் கேட்டாள், அதற்கும் சரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வாய் எப்படி இருந்தது. தீபாவளிக்கு வந்த செண்பகம் திரும்பிப் போக மாட்டேன் என்று உட்கார்ந்தபோது பதினைந்து நாள்தான் பொறுத்தது அந்த வாய். பதினாறாம் நாள் அம்மா அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஜன்னலோரம் உட்கார வைத்து, கண்டக்டரிடம், "சாத்தூர்ல இறக்கி விட்ருங்கய்யா, தூங்கிப் போவா," என்றாள். மூட்டைக்கு லேபிள் ஒட்டுகிற மாதிரி. பஸ் நகர்ந்ததும் அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், நடையில் ஒரு வேகம் இருந்தது, வேலை முடிந்தவர்களின் வேகம். செண்பகம் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வந்தாள். அடுத்த வாரம் மறுபடி பை, மறுபடி ஜன்னலோரம், அதே சொல், அதே கண்டக்டர். மூன்றாவது தடவை பையை எடுக்கக் குனிந்தபோதுதான் அம்மாவின் வலது கை வரவில்லை, வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஊரில் யாராவது இதைத் தெய்வம் கொடுத்தது என்று சொன்னால் அவள் சண்டைக்குப் போவாள், ரத்த அழுத்தம் என்பாள், ரத்தக்குழாய் என்பாள். தனக்குள் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லிக்கொண்டதில்லையா? சொல்லிக்கொண்டாள். ஒரு தடவை இல்லை. பேசினைக் கழுவும்போதெல்லாம்.

பூல்பாண்டி முளைகளை அள்ளி, எந்த மூலைல மொதல்ல அடிக்க என்று கேட்டபோது அவள் பேசிவிட்டாள். சின்னச் சந்தேகமெல்லாம் காற்றில் போனது. "சார், கார் மேல வச்சுப் பார்த்தா தப்பாத்தான் காட்டும். இரும்பு இழுக்கும். நடுவுல வச்சுப் பார்க்கணும்," என்றாள், வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில். சார் சிரித்தார். மைனி, ஏ செண்பகம், சாருக்குத் தெரியாதா என்றாள். அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில் நீ எங்கே போனாலும் இப்படித்தான், அதனால்தான் உனக்கு இந்த நிலைமை என்று எழுதியிருந்தது. அவன் வாயால் சொல்லிய நாட்களில்கூட அது இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. ஆனால் பூல்பாண்டி குச்சியைக் கீழே போட்டார். டீச்சர் சொல்லுதது மெய்தான், கம்பிக்கட்டுக்குப் பக்கத்துல வச்சா இந்தப் போன் பைத்தியம் பிடிச்ச மாதிரி சுத்தும், நானே பார்த்திருக்கேன் என்றார். ஆம்பளை ஒருவர் சொல்லியாகிவிட்டது. இப்போது அது பௌதிகம் ஆனது. அவளே தன் போனை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கணுக்கால் வரை கரிசல் ஏற நடு மனைக்கு நடந்தாள். குளிர்ந்த மண் விரல் இடுக்கில் பிதுங்கியது. பூல்பாண்டியின் மரச்சட்டம் ஒன்றை மட்டமாகப் போட்டு அதன் மேல் போனை வைத்தாள். ஊசி ஒரு சுற்று ஆடி நின்றது. ரோட்டுப் பக்கம் நேர் கிழக்கு, நாலு டிகிரி விலகியிருந்தால் பெரிசு. சத்தம் போட்டுச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. சார் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து தானே ரெண்டு தடவை வைத்துப் பார்த்தார், நாலு டிகிரியெல்லாம் கணக்கில் இல்லை என்றார், அந்த முப்பது டிகிரியை அவர் சொன்னதே இல்லை என்பதுபோல. அண்ணன் மூச்சு விட்டான். வீடு ரோட்டைப் பார்த்து நேராகவே உட்காரும். மேற்கு வரிசையில் மூன்று ரூம் வரும். பத்து, பத்து, பத்து. செண்பகம் மண் கையோடு நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்து மூலையில் போய் நின்றாள், பிடித்த இடத்தில் நூல் நடுங்கியது, பூல்பாண்டி இறுக்கிப் பிடிங்க டீச்சர் என்றார். அவள் சிரித்தாள். கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தோம் என்று யோசிக்கக்கூடத் தோன்றாத சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு ஒரு நூல்கண்டு நீளம்தான். கோடு போட்டு வரும்போதே சார் ரூமைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தார். திசை சரியாகிவிட்டதால் இப்போது மூலைகளும் சரியாகிவிட்டன, எதுவும் தப்ப முடியாது. தென்மேற்கு நிருதி மூலை, கனம் நிற்கிற இடம், வேலாயுதம் தம்பதி. நடு ரூம் அம்மா. வடமேற்கு தங்கச்சி. மெத்தப் பொருத்தம் என்றார் சார். அது வாயு மூலை, காற்றின் இடம், காற்று எதையும் ஓரிடத்தில் வைக்காது, கல்யாணம் ஆகாத பிள்ளைகளையும் விருந்தாளிகளையும் அங்கேதான் படுக்கவைக்க வேண்டும், நிலைக்க மாட்டார்கள், சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். "ரெண்டு வருசம்," என்று அவளைப் பார்த்தே சொன்னார், வாழ்த்துகிற மாதிரி. "அந்த மூலைல படுங்க தாயி. இன்னொரு எடம் தானா அமைஞ்சு போயிருவீங்க." அண்ணன் முகத்தில் காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது, தங்கச்சிக்கு நல்லது நடக்கும் என்கிற வெளிச்சம்தான், அதில் பொய் இல்லை. மைனி, அப்புறம் அந்த ரூம்ல பீரோவ எல்லாம் போட்டுக்கிடலாம் என்றாள். பீரோ. அவள் போராடி வாங்கியது இதுதான். இரும்பை விலக்கி, மண்ணில் இறங்கி, நாலு டிகிரிக்குள் திசையை நிறுத்தி, தன்னை வெளியே தள்ளுகிற மூலையை அவளே அளந்து கொடுத்திருக்கிறாள். வீடு கோணலாக உட்கார்ந்திருந்தால் அந்த மூலையில் அவளுக்கு ரூமே வந்திருக்காது. சரி, நீதான் இதை நம்பவில்லையே என்று அவளுக்குள்ளிருந்த டீச்சர் கேட்டாள். நம்பாதவளுக்கு எந்த மூலையாக இருந்தால் என்ன, பத்துக்குப் பத்து கிடைத்தாயிற்று, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தூங்கு. தூங்கலாம். ஆனால் நான் நம்பாவிட்டால் என்ன, அவர்கள் நம்புகிறார்களே. ஒவ்வொரு நாள் காலையும் கதவைத் திறந்து வெளியே வரும்போது மைனி பார்ப்பாள், இன்னும் போகவில்லையா என்று. வாயால் கேட்க மாட்டாள், பீரோவுக்கு இடம் பார்க்கிற கண்ணால் கேட்பாள். ஒரு தரகர் வருவார், இன்னொரு தரகர் வருவார், ரெண்டாந்தாரம், மூன்றாந்தாரம், மூலை வேலை செய்கிறது என்பார்கள். ரெண்டு வருஷம் கழிந்தும் போகாவிட்டால் குற்றம் மூலையுடையதா? அவளுடையது. சாத்தூரில் நிலைக்கவில்லை என்று குற்றம், இங்கே நிலைத்துவிட்டாள் என்று குற்றம். மறுபடி ஜன்னலோரம், மறுபடி பை. தூங்கிப் போவா.

நடு ரூம். நடு ரூமுக்கு ஒரு பழியும் இல்லை. அதில் இருக்கிறவர்கள் இருக்கலாம், அவ்வளவுதான், எவ்வளவு நாளானாலும் இருக்கலாம். அது அம்மாவுக்கு. போன மாதம் அம்மாவைப் பரிசோதித்த டாக்டர், இருதயம் நல்ல கல்லு மாதிரி இருக்கு, இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று சொன்னபோது அண்ணனின் முகம் ஒரு கணம் தொங்கிப்போய்ப் பிறகு சிரித்ததை அவள் பார்த்திருந்தாள். அவன் மட்டுமா? டாக்டர் ரூமில் சுவரில் கண்ணாடி இல்லாததால் தன் முகத்தை அவள் பார்க்கவில்லை. போக வேண்டியது யார் என்று இந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் மனசுக்குள் ஒரே பதில்தான், வாய்க்கு மட்டும் வராது, வந்துவிடாமல் இருக்க எல்லாரும் சேர்ந்து செண்பகத்தின் கல்யாணத்தைப் பேசுகிறார்கள். சுண்ணாம்பு டப்பா கிர் கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு வடமேற்கு மூலையைச் சுற்றி வந்தது. வெள்ளைக் கோடு. நீயே நம்பவில்லையே. ஆமாம், நம்பவில்லை. அப்படியானால் அங்கே யார் படுத்தாலும் ஒன்றுதானே. ஆமாம், ஒன்றுதான். அப்படியானால். அந்த 'அப்படியானால்' முள் மாதிரி மாட்டிக்கொண்டது, இழுத்தால் துணி கிழியும், விட்டால் நகர முடியாது. நம்பிக்கையே இல்லாத ஒருத்திக்கு ஒரு ரூமை இன்னொரு ரூமோடு மாற்றிக்கொள்வதில் என்ன பாவம்? பாவம் இல்லை என்றால் ஏன் வாய் உலர்கிறது? பட்டிமன்றத்தில் எந்தக் கட்சியையும் பேசி ஜெயிக்கிறவள் அவள், இந்தக் கட்சிக்கு மட்டும் எதிர்க்கட்சி கிடைக்கவில்லை, கிடைக்கவில்லையா, கேட்கவில்லையா, ரெண்டு தட்டு என்றால் மூத்திரம், மூன்று தட்டு என்றால் புரட்டிப் போட வேண்டும், பத்து வருஷம், கல்லு மாதிரி. "அண்ணே," என்று அவள் குரல் அவளுக்கு முன்னால் போய்விட்டது. "அந்த மூலைல அம்மாவப் போடுங்க. நடு ரூம நான் எடுத்துக்கிடுதேன்."

சுண்ணாம்பு டப்பா நின்றது. அண்ணன் காரைப் பார்த்தான். கார் முப்பதடி தூரத்தில், கதவு திறந்து இருந்தது. அவன் ஓடிவந்து கன்னத்தில் ஒன்று கொடுப்பான் என்று அவள் காத்திருந்தாள். உண்மையிலேயே காத்திருந்தாள், கன்னத்தைக்கூடக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். அடித்திருந்தால் அவள் அழுதிருப்பாள், வாபஸ் வாங்கியிருப்பாள், எல்லாம் கோபத்தில் வந்த பேச்சு என்று போயிருக்கும். அவன் சார் பக்கம் திரும்பி, மருந்து சாப்பிடும்போது தயிர் சேர்க்கலாமா என்று கேட்கிறவன் குரலில், "அப்படிப் போடலாமா சார்?" என்றான். சார் கீழே பார்த்தார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் அது நல்ல இடம்தான், ரொம்ப இழுக்காது, கஷ்டமில்லாமல் என்று சொல்லிக்கொண்டே போய் அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார். காத்தோட்டமாவும் இருக்கும்லா அத்தைக்கு என்றாள் மைனி. அவ்வளவுதான். ஒருத்தரும் அவளைப் பாவி என்று சொல்லவில்லை. ஆறு வருஷமாக மூத்திரத்துணி அலசுகிறவளே சொல்லிவிட்ட பிறகு அவர்கள் சொல்ல என்ன இருக்கிறது? எல்லார் தோளிலும் இருந்த ஒரு மூட்டையை அவள் ஒருத்தி இறக்கி வைத்துவிட்ட மாதிரி ஆளுக்கொரு வேலையில் இறங்கினார்கள். மைனிகூட அன்றைக்கு முதல் தடவையாக அவள் காலைப் பார்த்து, செருப்பப் போட்டுக்க செண்பகம், முள்ளு கெடக்கு என்றாள். பூல்பாண்டி மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல், வடமேற்கு ரூமுக்கு வாசல் எத்தனை அடி விட என்று கேட்டார். மூணேகால் என்றாள் அவள், வீல்சேர் நுழைகிற அகலம் அவளுக்கு மனப்பாடம். "கட்டிலோட வெளிய தூக்கணும்னா மூணரை வேணும் தாயி," என்றார் அவர். மூணரையே விடுங்க என்றாள்.

அண்ணன் காருக்குப் போய்க் குனிந்து, அம்மா, ஒனக்கு நல்ல காத்து வார ரூமாப் போட்டிருக்கு என்று சத்தமாகச் சொன்னான், காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல. அம்மா சரி என்றாள். அவன் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தான். பிறகு செண்பகம் போனாள், போக வேண்டுமே, பத்து மணி மாத்திரை இருக்கிறதே. மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஸ்பூனால் இடது கடைவாயில் ஊற்றினாள், தாடையைத் துடைத்தாள். அம்மாவின் கண் அவள் தோளுக்கு மேலாக வெள்ளைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ணுகிற மாதிரி. அதெல்லாம் சும்மா, அம்மா, என்று செண்பகம் வாய்க்குள் ஆரம்பித்தாள். காற்றுக்கு மூலை கிடையாது, காற்றழுத்தம் எங்கே குறைகிறதோ அங்கே வீசும், ஒரு ரூமில் படுத்தால் யாரும் போய்விடுவதில்லை, ரத்த அழுத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், மாத்திரை நேரம் தவறாது, அங்கேயும் பேசினோடு நான்தானே வருவேன், நடுவில் ஒரு சுவர்தானே, நீ சுவரைத் தட்டினால் எனக்குக் கேட்காதா. கேட்கும்; ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சத்தம் கடக்கும். கடந்தால் எழுந்து வருவாயா என்று அம்மா கேட்கவில்லை. அம்மாவால் கேட்க முடியாது. அந்தக் கண்ணில் குற்றச்சாட்டு இருக்கிறதா என்று தேடினாள், இருந்தால் பதில் சொல்லலாம், எந்தக் குற்றச்சாட்டுக்கும் அவளிடம் பதில் உண்டு. இருந்தது வேறொன்று, பஸ் நகர்ந்ததும் வேகமாக நடந்தவளை ஜன்னல் வழியாகப் பார்த்த ஒருத்தியின் பார்வை. அதை அவள் அடையாளம் கண்டுகொண்டாள், யாருடைய பார்வை என்று தெரிந்தது. ஸ்பூனை உதறித் துண்டில் துடைத்து டப்பாவுக்குள் போட்டாள். மணி பத்தே கால். சார் கையைக் கழுவிவிட்டு வேட்டியில் பட்ட கரிசலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எல்லாம் சும்மா, வெறும் சுண்ணாம்பு, அவளுக்கு ஒரு நம்பிக்கையும் கிடையாது. அவள் கார்க் கதவைச் சாத்தினாள்.

"சார்," என்றாள். "நடு ரூம்ல தல எந்தப் பக்கம் வச்சுப் படுக்கணும்?"

அவர் நிமிர்ந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவளை மரியாதையாகப் பார்த்தார். தெற்கே வையுங்க டீச்சர், ஆயுசு என்றார். செண்பகம் கோட்டை மிதித்துவிடாமல் சேலையைத் தூக்கிப் பிடித்து உள்ளே போனாள். தெற்கு ஓரத்தில் நின்று, ஒரு கட்டிலுக்கு எத்தனை எட்டு வேண்டும் என்று கால் வைத்து அளக்க ஆரம்பித்தாள்.